மேஜிக் ரூல்ஸ் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? ட்ரிகரில் இருந்து ஆரம்பியுங்கள்

மேஜிக் த கேதரிங் என்கிற கார்டு ஆட்டத்துக்கு ஜட்ஜ் (போட்டிகளில் ரூல்ஸ் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்) ஆகணும், எதை முதலில் படிக்கட்டும் என்று எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பசங்க கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: ட்ரிகர், அதாவது ஏதாவது ஒன்று நடந்தால் தானாகவே கிளம்புகிற கார்டின் விளைவு. கார்டு தெரியும், காம்போ தெரியும், எந்த டெக் எதை அடிக்கும் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். "சரி, இதுக்கு அவன் எப்போ ரெஸ்பாண்ட் பண்ண முடியும்?" (அது நடந்து முடிவதற்குள் பதிலுக்கு ஏதாவது போடுவது) என்று கேட்டால் மட்டும் கூட்டம் அமைதியாகிவிடும்.

இந்த ஆட்டத்தின் கம்பெனியான விஸார்ட்ஸ் இலவசமாகவே வெளியிடுகிற காம்ப்ரிஹென்சிவ் ரூல்ஸை, அதாவது முழு விதித் தொகுப்பை, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். பிரிவு 117 ப்ரியாரிட்டி (அடுத்து ஏதாவது போடும் உரிமை யாருக்கு என்பது), 405 ஸ்டாக் (போட்டவை காத்திருக்கிற அடுக்கு, மேலே இருப்பதே முதலில் நடக்கும்), 704 லைஃப் தீர்ந்தவர் தோற்பது போன்று ஆட்டமே தானாகச் செய்கிற ஸ்டேட் பேஸ்டு ஆக்‌ஷன், இந்த மூன்றையும் முடித்துவிட்டு அப்புறம் 603-க்கு வாருங்கள், அங்கேதான் ட்ரிகர் முழுக்க இருக்கிறது. முதல் இரண்டும் சின்னவை, வேலந்தாவளம் வழியாகக் கோவை போகிற பஸ்ஸிலேயே போனில் படித்துவிடலாம். 603-ஐ அப்படிப் படிக்க முடியாது, கையில் கார்டு வேண்டும், எதிரே வம்பு பிடித்த ஒரு ஆளும் வேண்டும்.

கார்டில் 'வென்', 'வெனெவர்', 'அட்' என்று ஆரம்பிக்கிற வாக்கியம் இருந்தால் அது ட்ரிகர். நடுவில் முக்காற்புள்ளி இருந்தால் நாமே செலவு செய்து இயக்குகிற ஆக்டிவேட்டட் எபிலிட்டி. இது எல்லோருக்கும் தெரியும். கோட்டை விடுவது எங்கே என்றால், ட்ரிகர் ஆவது, ஸ்டாக்கில் ஏறுவது, ரிசால்வ் ஆவது (சொன்னது நடந்து முடிவது) என்ற மூன்றும் வேறுவேறு நேரம் என்பதில். நிகழ்வு நடந்த கணத்தில் ட்ரிகர் ஆகிவிடும், ஆனால் ஒரு ஆட்டக்காரருக்கு அடுத்தபடியாக ப்ரியாரிட்டி வரப்போகிற நேரத்தில்தான் அது ஸ்டாக்கில் ஏறும், அதற்கும் முன்னால் ஸ்டேட் பேஸ்டு ஆக்‌ஷன் எல்லாம் பார்த்து முடிந்திருக்கும். நீங்கள் ரெஸ்பாண்ட் பண்ணக்கூடியது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மட்டும். படிக்கும்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தாளில் ஸ்டாக்கைக் கீழிருந்து மேலாக எழுதிப் பாருங்கள். மனசுக்குள்ளேயே போட்டுப் பார்க்கிறேன் என்கிறவர்கள்தான் தப்பாக எழுதுகிறார்கள்.

வேறு கிரீச்சர் (சண்டை போடுகிற கார்டு) வரும்போதெல்லாம் ஒரு லைஃப் தருகிற சோல் வார்டன் உங்கள் களத்தில் இருக்கிறது, ஒரு கிரீச்சர் வருகிறது, ஒரு லைஃப் ஏறும் ட்ரிகர் ஸ்டாக்கில் நிற்கிறது. எதிராளி மூன்று டேமேஜ் தருகிற லைட்னிங் போல்ட் போட்டு வார்டனைக் கொல்கிறார். "அண்ணா, அதான் கொன்னுட்டேனே, அப்புறம் எப்படி லைஃப் ஏறும்?" என்று கேட்காத புது ஆள் கிடையாது. ஏறும். எய்தவனைக் கொன்றாலும் கிளம்பிய அம்பு வந்தே தீரும்.

அடுத்து மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர். அது 1/2 (அடிக்கும் பலம் ஒன்று, இரண்டு டேமேஜ் பட்டால் சாகும்), ப்ரோவெஸ் உண்டு, அதாவது நீங்கள் கிரீச்சர் அல்லாத ஸ்பெல் போடும்போதெல்லாம் அந்த டர்ன் முடியும்வரை +1/+1. எதிராளி கையில் இரண்டு டேமேஜ் தருகிற ஷாக் இருக்கிறது. நீங்கள் ஆப்ட் என்ற கிரீச்சர் அல்லாத ஸ்பெல் ஒன்றைப் போடுகிறீர்கள், ப்ரோவெஸ் ட்ரிகர் ஆப்டுக்கு மேலே ஏறுகிறது. இந்த இடத்தில் ஷாக் விழுந்தால் ஸ்விஃப்ட்ஸ்பியர் இன்னும் 1/2 தான், காலி. ட்ரிகர் ரிசால்வ் ஆகட்டும் என்று விட்டுவிட்டு அப்புறம் ஷாக் போட்டால் அது 2/3, பிழைத்துக்கொள்ளும். ஷாக்குக்கு ரெஸ்பாண்ட் பண்ணி நீங்கள் இன்னொரு இன்ஸ்டன்ட் (ப்ரியாரிட்டி இருக்கும்போதெல்லாம் போடக்கூடிய ஸ்பெல்) போட்டால் புது ப்ரோவெஸ் ட்ரிகர் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி முதலில் ரிசால்வ் ஆகும், ஷாக் வந்து சேரும்போது அங்கே 2/3 நிற்கும். இந்த ஒரு உதாரணத்தை நான்கு விதமாக மாற்றி ஆடிப் பார்த்தால் ப்ரியாரிட்டி பாதி புரிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது ஆப்லிவியன் ரிங். 2007-இல் வந்த கார்டு, இரண்டு தனித்தனி ட்ரிகர்: வரும்போது லேண்ட் கார்டு அல்லாத வேறு ஒரு பெர்மனென்டை (களத்தில் நிற்கிற கார்டை) எக்ஸைல் செய்யும் (களத்துக்கு வெளியே தனியாக ஒதுக்கும்), போகும்போது அதைத் திருப்பித் தரும். எதிராளியின் ரிங் வந்து முதல் ட்ரிகர் உங்கள் கார்டைக் குறிவைத்து ஸ்டாக்கில் நிற்கிறது, உங்கள் கையில் ரிங்கை உடைக்கக்கூடிய டிஸென்சான்ட். கை துறுதுறுக்கும். அப்போதே போட்டு ரிங்கை உடைத்தால், போகும்போது வருகிற ட்ரிகர் மேலே ஏறி முதலில் ரிசால்வ் ஆகும், திருப்பித் தர அங்கே ஒன்றுமில்லை, அதற்கப்புறம் முதல் ட்ரிகர் உங்கள் கார்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும், திரும்பவே வராது. பொறுத்திருந்து, எக்ஸைல் ஆனபிறகு உடைத்திருந்தால் கார்டு கைக்கு... இல்லை, களத்துக்கே திரும்பியிருக்கும். இதே வேலையைச் செய்கிற பானிஷிங் லைட் 2014-இல் வந்தது, அதில் எழுதியிருப்பது 'இது களத்தை விட்டுப் போகும்வரை எக்ஸைல்' என்று. அதை ட்ரிகர் ஸ்டாக்கில் இருக்கும்போதே உடைத்தால் எக்ஸைலே நடக்காது. பார்க்க ஒரே கார்டு மாதிரி, எப்போது உடைப்பது என்பது நேர் எதிர். அதனால்தான் கேள்வியில் கார்டின் வரிகளைக் கொடுத்திருந்தால் ஒரு சொல் விடாமல் படியுங்கள் என்கிறேன்.

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ட்ரிகர் வந்தால், யாருடைய டர்னோ அவருடையது முதலில் ஸ்டாக்கில் ஏறும், அதாவது கடைசியில் ரிசால்வ் ஆகும். இதை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வில் தலைகீழாக எழுதுகிறவர்கள் நிறைய. இப்படி நினைவில் வையுங்கள்: இருவரிடமும் ஆளுக்கொரு பிளட் ஆர்ட்டிஸ்ட் (அதுவோ வேறு கிரீச்சரோ செத்தால் ஒருவருக்கு ஒரு லைஃப் குறைத்துத் தன் ஆளுக்கு ஒன்று ஏற்றும்), இருவருக்கும் லைஃப் ஒன்று. உங்கள் டர்னில் நீங்களே டே ஆஃப் ஜட்ஜ்மென்ட் போட்டு எல்லாக் கிரீச்சரையும் அழிக்கிறீர்கள். செத்துப்போன இரண்டு ஆர்ட்டிஸ்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே சாகின்றன, எல்லா ட்ரிகரும் ஸ்பெல் முழுக்க முடிந்தபிறகு ஏறும், எதிராளியுடையது மேலே. உங்கள் டர்ன், உங்கள் ஸ்பெல், சாவதும் நீங்கள். எங்கள் குழுவில் இதற்குத் தமிழும் மலையாளமும் கலந்து ஒரு பெரிய சண்டையே நடக்கும்.

மானா (கார்டு போடச் செலவழிக்கிற சக்தி) தருகிற ட்ரிகரைச் சும்மா ஒரு பார்வை பார்த்தால் போதும். வைல்ட் குரோத் போன்றவை ஸ்டாக்கில் ஏறவே ஏறாது, உடனே நடந்துவிடும், ரெஸ்பாண்ட் பண்ண வழியில்லை.

நிகழ்வுக்கு அடுத்தே 'இஃப்' வருகிற ட்ரிகர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். ஃபெலிடார் சாவரின்: உங்கள் அப்கீப் (டர்ன் ஆரம்பத்தில் வருகிற ஒரு கட்டம்) தொடங்கும்போது, லைஃப் 40-ஓ அதற்கு மேலோ இருந்தால் வெற்றி. நிபந்தனையை இரண்டு முறை பார்ப்பார்கள், ட்ரிகர் ஆகும்போது ஒன்று, ரிசால்வ் ஆகும்போது ஒன்று. அப்கீப் தொடங்கும்போது 38 இருந்தால் ட்ரிகரே ஆகாது, அதற்கப்புறம் எவ்வளவு லைஃப் ஏற்றியும் பிரயோஜனமில்லை. அப்கீப்புக்கு முந்தைய கட்டமான அன்டாப்பில் யாருக்கும் ப்ரியாரிட்டி கிடையாது என்பதால் ஏற்றுவதை எதிராளியின் டர்ன் முடிவதற்குள் ஏற்றிவிட வேண்டும். சரியாக 40 இருந்து ட்ரிகர் ஏறிவிட்டது, எதிராளி உங்கள் மேல் லைட்னிங் போல்ட் போட்டு 37 ஆக்குகிறார் என்று வையுங்கள். போல்ட் ரிசால்வ் ஆனதும் மறுபடி உங்களுக்குத்தான் ப்ரியாரிட்டி, ட்ரிகர் இன்னும் கீழே காத்திருக்கிறது. கையில் மூன்று லைஃப் தருகிற ஹீலிங் ஸால்வ் இருந்தால் போடுங்கள், திரும்ப 40, ட்ரிகர் ரிசால்வ் ஆகும்போது நிபந்தனை சரியாக இருக்கிறது, ஆட்டம் உங்களுடையது. நடுவில் குறைந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.