18 டாலருக்கு 160 ஏக்கர், ஒரு நாள் காருக்கு 93

முதலில் கார் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. அமெரிக்காவின் ஒமாஹா விமான நிலையத்தில் நாளுக்கு 41 டாலர் என்று பதிவு செய்து வைத்திருந்த வண்டி. கவுண்டரில் இருந்த பையன் காப்பீடு, சாலை உதவி, இன்னும் என்னென்னவோ டிக் அடித்து முடித்தபோது 93 ஆகியிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள். கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். நான் தேடிப் பார்த்தவரை போக வேண்டிய இடத்துக்குப் பஸ் கிடையாது.

அந்த இடம் நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ். பெண் பெயர் மாதிரி 'பீட்ரிஸ்' என்று சொன்னால் பெட்ரோல் பங்க்கிலேயே திருத்துகிறார்கள். ஊருக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டரில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை (93 டாலர் கொடுத்தவனுக்கு இது பெரிய ஆறுதல்). மலையோ அருவியோ எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆளுயரப் புல்லும் ஒரு ஓடையும்தான். நான் போனது பத்திரம் பார்க்க. பட்டா மாறுதலுக்காக அப்பாவோடு வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்தே வளர்ந்தவன் நான். நிலப் பதிவேடு என்றால் ஒரு கிறுக்கு.

ஹோம்ஸ்டெட் என்பது 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம். 160 ஏக்கர் எடுத்துக்கொள், ஐந்து வருஷம் குடியிருந்து உழுது காட்டு, நிலம் உன்னுடையது. கட்டணமெல்லாம் சேர்த்தே 18 டாலர். சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே பிரவுன்வில் நில அலுவலகத்தில் மனுப் போட்டவர் டேனியல் ஃப்ரீமன். நள்ளிரவு தாண்டியதும் குமாஸ்தாவைக் கெஞ்சி ஆபீசைத் திறக்க வைத்தார் என்று ஒரு கதை உண்டு. அதே நாளில் வேறு பலரும் மனுக் கொடுத்தார்கள் என்பதால் 'நாட்டிலேயே முதல் ஆள்' என்ற பட்டத்தை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் மனு எண் 1, சான்றிதழ் எண் 1 இரண்டும் அவருடையவைதான். இன்னொன்று, அது சும்மா கிடந்த பூமி இல்லை. ஓட்டோ-மிசூரியா பூர்வகுடி மக்கள் 1854 ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்த நிலம். 'இலவசம்' என்று படிக்கும்போதெல்லாம் உறுத்தியது.

இப்போது அந்தக் காகிதம். ஐந்து வருஷம் முடிந்து 1868-ல் ஃப்ரீமனுக்காக இரண்டு அக்கம்பக்கத்துக்காரர்கள் சத்தியம் செய்து கொடுத்த சாட்சி. 14-க்கு 20 அடி வீடு. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல். 35 ஏக்கர் உழவு. 100 அடி நீளத்தில் ஆட்டுக் கொட்டகை. 40 ஆப்பிள் மரம், ஏறக்குறைய 400 பீச் மரம். நம் ஊர் அடங்கலில்கூட ஜன்னல் கணக்கு வராது! ஆனால் குடும்பத்தைப் பற்றி என்ன இருக்கிறது? 'மனைவி, இரண்டு குழந்தைகள்.' அவ்வளவுதான். மரத்தை எண்ணியவர்களுக்கு ஆக்னஸ் என்று ஒரு பெயர் எழுத வரவில்லை.

பெயர் வேண்டுமானால் சென்சஸுக்குப் போக வேண்டும். 1850 முதல் வீட்டில் இருக்கும் எல்லார் பெயரும் வயதும் அதில் உண்டு (அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பெயர் மட்டும் 1870-லிருந்துதான்). ஆனால் 1870-ல் மனைவிமார் தொழில் என்ற இடத்தில் வரிசையாக 'வீட்டைக் கவனிப்பவர்'. விவசாயத்துக்குத் தனி அட்டவணை இருக்கிறது, 1850-லிருந்து 1880 வரை. பால் மாடு, சோளம், வெண்ணெய் எத்தனை பவுண்டு என்பது வரை. அந்த வெண்ணெயைக் கடைந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கணக்கு மட்டும் பண்ணைக்காரர் பெயரில்.

உங்களுக்கும் இப்படித் தேடும் ஆசை இருந்தால், கூட்டாட்சி நிலப் பட்டயங்கள் இணையத்தில் இலவசம், அங்கே ஆரம்பியுங்கள். 1890 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1921-ல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பெரும்பகுதி பாழாகி, மிஞ்சியதும் பின்னால் அழிக்கப்பட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவில் இருபது வருஷ ஓட்டை. அதை அடைக்க நிலக் கோப்பு கைகொடுக்கும். இன்னும் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் ரன்ஸா பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பண்டம். பன்னுக்குள் மாட்டுக் கொத்துக்கறி, முட்டைக்கோஸ், வெங்காயம். பன்னுக்குள் கோஸ் பொரியலா என்று நக்கலடித்துக்கொண்டே வாங்கினேன். பிய்த்ததும் ஆவியோடு மிளகு வாசம் ஏறியது. இரண்டாவதும் வாங்கினேன், பட்ஜெட்டை யார் பார்த்தார்கள்.

சாயங்காலம் மேட்டில் இருக்கும் ஃப்ரீமன் தம்பதியின் கல்லறைக்கு ஏறினேன். அவர் இறந்தது 1908-ல், ஆக்னஸ் 1931-ல். அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டு ஆட்டுக் கொட்டகை, பீச் மரம் எல்லாம் ஒப்பித்தேன். அவர் எதற்கும் அசரவில்லை.

"நானூறு மரத்துக்குத் தண்ணி?"

"கீழ ஒரு ஓடை இருக்குப்பா."

"சரி. யாரு தூக்குனா?"