நீல மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா?

பதிவேட்டில் வகுப்பு முழுவதற்கும் டிக் விழுந்திருக்கும். கழிவறை ஜன்னலோரம் நாலைந்து நீல மாத்திரைகள் கிடக்கும். பள்ளிகளில் நடக்கும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் எங்கே ஓட்டையாகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15-19 வயதுப் பெண்பிள்ளைகளில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பையன்களில் 31.1 சதவீதம். பையன்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அந்த இரண்டாவது எண்ணை இன்னொரு தடவை பார்க்கலாம்.

10 முதல் 19 வயது வரை வாரத்துக்கு ஒரு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கர்ப்பிணிகளுக்கான மாத்திரை சிவப்பு, பிள்ளைகளுடையது நீலம். வாரம் ஒன்று போதுமா என்ற சந்தேகம் பெற்றோருக்கு வரும். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. குடல் இரும்பை உறிஞ்சுவதை அது ஒரு நாளைக்காவது மட்டுப்படுத்திவிடும். அதனால் மறுநாளே இன்னொன்று போட்டால் அதிலிருந்து குறைவாகத்தான் சேரும். ஆனாலும் ஏற்கெனவே இரத்தசோகை வந்த பிள்ளைக்குத் தினமும் மருந்து வேண்டும். வராமல் காக்க வாரம் ஒன்று போதும், ஆனால் விடாமல் போட வேண்டும்.

எல்லாம் கெட்டுப்போவது வெறும் வயிற்றில்தான். இரும்பு வெறும் வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும் என்பது உண்மை. ஆனால் குமட்டலும் வயிற்றுவலியும் அப்போதுதான் அதிகம். வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த பத்து நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் மாத்திரையைத் தொட மாட்டார்கள். அதனால் உறிஞ்சுவதில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. பதினொன்று, பன்னிரண்டில் டப்பா கொண்டுவராத பிள்ளை யார் என்று வகுப்பாசிரியர் பார்த்தே ஆக வேண்டும். சாப்பிடாத பிள்ளைக்கு அன்று மாத்திரை வேண்டாம், மறுநாள் சாப்பிட்ட பின் கொடுக்கலாம். காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான். விட்டுப்போன வாரத்துக்கும் சேர்த்து இரண்டாகக் கொடுப்பது கூடாது.

பிற்பகல் வகுப்புக்கு மணியடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, வகுப்பறையிலேயே, அவரவர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார வைத்துக் கொடுப்பது நல்லது. குழாயடிக்கு அனுப்பினால் மாத்திரையும் குழாயடிக்குப் போகும். ஆசிரியர் முதலில் ஒன்றைப் போட்டுக் காட்டட்டும்; 'இது கருத்தடை மாத்திரையாம்' என்ற புரளிக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்காக இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

மீதி மாத்திரை அட்டையைப் பூட்டி வையுங்கள். 2023 மார்ச்சில் ஊட்டியில், பள்ளி மாணவிகள் போட்டி போட்டு இந்த மாத்திரைகளை விழுங்கியதில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். சத்து மாத்திரைதானே என்ற நினைப்புதான் ஆபத்து. நிறைய விழுங்கிய பிள்ளை வாந்தி எடுத்து, சில மணி நேரம் தேறியதுபோலத் தெரிந்து, பிறகு மோசமாகலாம். அந்த இடைவெளியை நம்பி வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விடுமுறைக்கான மாத்திரைகளையும் பிள்ளையின் பையில் போடாமல் பெற்றோர் கையில்தான் தர வேண்டும்.

மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் டீ, காபி வேண்டாம். டீயில் உள்ள டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். பால், கால்சியம் மாத்திரையும் இடைஞ்சல்தான். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா பக்கத்தில் இருந்தால் கீரை, பயறில் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும். பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, பாவம் பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

குடலில் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் போட்ட இரும்பு அதற்கே போகும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் குடற்புழு நீக்க நாட்களில் தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையைச் சப்பி மென்று விழுங்க வேண்டும். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தால் புழு பாதத்தோல் வழியாகத் திரும்ப நுழைந்துவிடும், ஆகவே செருப்பும் மருந்தில் சேர்த்திதான்.

பரிசோதனையில் 12 வயது தாண்டிய பெண்பிள்ளைகளுக்கும் 12-14 வயதுப் பையன்களுக்கும் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 15 வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கு 13. 8-க்குக் கீழே போனால் நேராக மருத்துவமனை. அதற்கு மேல் என்றால் மருத்துவர் பார்த்து, இதே மாத்திரையைத் தினம் இரண்டாக மூன்று மாதம் எழுதுவார். ஒரு மாதத்தில் அளவு 1 கிராம்கூட ஏறவில்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன், விரலில் குத்தியவர் விரலை அழுத்திப் பிழிந்தாரா என்று கேளுங்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் சொட்டைத்தான் எடுக்க வேண்டும்.