பம்ப் ஆஃப்

ஜூன் 9, மார்த்தாண்டம்

நாளை திருவனந்தபுரத்தில் எங்கள் இதய அறுவை ரெசிடென்ட்களுக்கு (பயிற்சி மருத்துவர்கள்) வெட் லேப், அதாவது விலங்கு உறுப்பில் அறுவைப் பயிற்சி. பன்றி இதயம் அளவில் மனித இதயத்துக்குப் பக்கத்தில் வரும், அதனால் கறிக்கடையில் முன்பே சொல்லி வைத்திருந்தேன். வழக்கமாக இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான அயோர்ட்டாவை ஒட்ட நறுக்கி, ரத்தம் வடிய இதயத்தையும் கீறித்தான் தருவார்கள். "அண்ணே, கீறாம தாங்க, மேல உள்ள பெரிய குழாய் நாலு விரல் நீளம் இருக்கட்டும்" என்று கேட்டேன். அது இல்லாவிட்டால் கேனுலா (ரத்தம் செலுத்தும் குழாய்) போட்டுப் பழக இடமே கிடையாது. ஐஸ் பெட்டியோடு காலை பஸ்ஸில் களியக்காவிளை தாண்ட வேண்டும்.

ஜூன் 10

பைபாஸ் தையல். இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி குழாய் 1.5, 2 மில்லிமீட்டர்தான், தைக்க 7-0 புரோலீன் என்ற மெல்லிய நூல். அசையாத இதயத்தில் கை பழகிவிடும். துடிப்பதில் பழக வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது: ஜமைக்காவில் பால் ராம்பால் குழுவினர் பன்றி இதயத்துக்குள் பலூன் வைத்து, கணினியால் துடிக்க வைத்த சிமுலேட்டரைப் பற்றி 2005-ல் எழுதினார்கள்.

ஜூன் 12

இன்றைய டிரில்தான் எனக்கு முக்கியம். அறுவையின்போது இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் இயந்திரத்தில் (பம்ப்), ரத்தம் சேரும் ரிசர்வாயர் காலியாகி, அயோர்ட்டாவுக்குப் போகும் குழாயில் காற்று ஏறிவிட்டது என்று வைத்துக்கொண்டோம். அந்த பம்பை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் நாகர்கோவில்காரர், "பம்ப் ஆஃப்! கிளாம்ப் போட்டாச்சு டாக்டர்" என்று சத்தமாகச் சொன்னார், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும், காற்றை முதலில் பார்ப்பவர் அவர்தானே. அப்புறம் தலைப்பக்கம் தாழ்த்தி, அயோர்ட்டாவிலிருந்து காற்றை வெளியேற்றி, குழாயை மறுபடி நிரப்பி, தலையிலிருந்து ரத்தம் இறங்கும் மேற்பெருஞ்சிரை வழியாக நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் வரை பின்னோக்கி ரத்தம் செலுத்த வேண்டும். மூளைக்குள் போன காற்று அயோர்ட்டா வழியாகத் திரும்பி வரும். உடம்பையும் குளிர்விக்க வேண்டும். புத்தகத்தில் அரைப் பக்கம்கூட இல்லாத விஷயம், ஆனால் மயக்க மருத்துவர், நர்ஸ், பம்ப், நாங்கள் என்று நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கை ஓட வேண்டும்.

பயிற்சிக் காலம் முழுக்க இப்படி ஒரு கேஸை நேரில் பார்க்காமலே போகலாம், பார்க்கிற அன்று கற்றுக்கொள்ள அவகாசம் இருக்காது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து தயாரித்த பாடத்திட்டத்தில் ஆறு பகுதிகள்: மூன்று வழக்கமான வேலை, மீதி மூன்று காற்று ஏறுவது, அயோர்ட்டா கிழிவது, இதயம் திடீரெனத் தளர்வது. சரிபாதி! நம் ஊர் பயிலரங்குகளில் தையலோடு நிறுத்திவிடுகிறோம், அதுவும் ரெசிடென்ட்களை மட்டும் கூப்பிட்டு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

ஜூன் 13

சாரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். அடுத்தது அயோர்ட்டா கிழிசல், இரவு ஷிப்ட் நர்ஸ்களும் பெர்ஃபியூஷனிஸ்ட்களும் சேர்ந்து. தேதி முடிவானதும் கறிக்கடை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும்.