மூடாத கால்

திருகோணமலை உப்புவெளியில் என் மேசைக்கு நேரே ஒரு ஜன்னல். கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். இத்தனை வருடமாக அங்கே இருந்து நான் பார்க்கிற வேலை என்னவென்று அம்மாவுக்கு இன்னும் சரியாக விளங்கப்படுத்த முடியவில்லை. "செத்த ஆக்களை எண்ணுறா" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். பெரிய பிழையென்றும் சொல்ல முடியாது.

உள்நாட்டுப் போர் ஆய்வில் எண்ணுவதுதான் அரிச்சுவடி. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத்தொகுப்பின்படி, ஒரு வருடத்தில் சண்டையில் 25 பேராவது இறந்தால் அது ஆயுத மோதல். 1,000 பேரை எட்டினால் போர். அதற்குள் ஒவ்வொரு சம்பவமும் ஒரு வரி. இடம், நாள், செய்த தரப்பு, பிறகு இறந்தோர் தொகைக்கு மூன்று மதிப்பீடுகள்: குறைந்தது, கூடியது, நம்பக்கூடியது. நாள் எவ்வளவு துல்லியம் என்பதற்கும் 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கிறது. 1 என்றால் இன்ன நாள் என்று திட்டமாகத் தெரியும். எண் ஏற ஏறத் தெளிவு குறையும்.

எங்கள் மாவட்டத்தில் சில வரிகளுக்கு 1 போட யோசிக்கவே வேண்டாம். 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள். அதே வருடம் ஆகஸ்ட் 4, மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர். மாணவர் வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அதைப் போடுவதற்குப் படிவத்தில் நிரல் கிடையாது.

என்னை மினக்கெடுத்தியவை பத்திரிகையில் வராத வரிகள். பாதைப் படகுக்குக் காத்துக் கிடந்த காலம் போய், கிண்ணியாப் பாலத்தால் பஸ் ஓடத் தொடங்கியபின் மூதூர்ப் பக்கம் அடிக்கடி போய் வந்தேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அங்கே ஓர் ஆச்சி. தொண்ணூறுகளில் ஒரு சுற்றிவளைப்பில் கணவரைப் பறிகொடுத்தவர்.

"எப்ப நடந்தது ஆச்சி?"

"சூடடிக்கிற நேரம். மூத்தவள் வயித்துக்குள்ள."

பிஸ்கட் டின்னொன்றைத் திறந்து, மூத்தவளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துத் தந்தார். மடிப்புகளில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பிறந்த மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, பெரும்போக அறுவடையோடு பொருத்திப் பார்த்து ஒரு மாத இடைவெளிக்குள் கொண்டுவந்தேன். துல்லியம் 4. அன்றைக்கு எனக்கு அது பெரிய வெற்றி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இந்தத் தொழிலில் அப்படியும் சந்தோஷம் வரும்.

பிறகு ஆச்சி தலையாட்டியைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூட வளவு. தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்களை வரிசையாக அவன் முன்னால் நடக்கவிட்டார்கள். தலை ஆடினால் லொறிக்கு, ஆடாவிட்டால் வீட்டுக்கு. அவருடைய மனுசன் வந்தபோது ஆடியது.

"முகத்தைத்தான் மூடினவங்கள் பிள்ளை. காலை மூடேல்ல."

அந்தக் காலை அவருக்குத் தெரியும். ஆளின் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரிலேயேதான் இருக்கிறானாம். மூத்தவளின் கலியாணத்துக்குப் பந்தல் போட்டதும் அவன்தானாம். நான் வாயடைத்துப்போய் இருந்ததைக் கண்டு, "அவனை என்ன செய்து ஆட்ட வைச்சாங்களோ, ஆருக்குத் தெரியும்" என்றார்.

உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்த அரசியல் அறிஞர் ஸ்டாதிஸ் கலிவாஸ் கிரேக்கத்தின் ஆர்கோலிட் பகுதிக் கிராமங்களை ஆராய்ந்து சொன்ன விஷயம் இதற்குப் பக்கத்தில் வரும். துவக்கு வைத்திருப்பவனுக்கு ஊர் தெரியாது. ஊரைத் தெரிந்தவன் சொன்னால்தான் ஆளைப் பொறுக்கிக் கொல்ல முடியும். அப்படிச் சொல்வதற்குள் வேலித் தகராறும் பழைய கோபமும் புகுந்துவிடும். பரீட்சைக்காக அதைப் பாடமாக்கியிருந்தேன். பந்தல் போட்டதை விளங்கிக்கொள்ள அது போதவில்லை. படிவத்தில், செய்த தரப்பு: அரச படை. பிழையில்லை. தலை ஆடியதற்கும் ஆட வைத்ததற்கும் இடமில்லை.

அதனால்தான் கட்டுரையாக எழுதினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, வருடத்தையும் மாற்றினேன். நெறிமுறைக் குழு கேட்டதையெல்லாம் செய்தேன். கால் மட்டும் இருந்தது. அதில் என்ன அடையாளம் என்று ஒரே ஒரு வசனம். உண்மையைச் சொன்னால், வசனம் நன்றாக அமைந்துவிட்டது. வெட்ட மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் கிடந்தவரை ஒரு சிக்கலுமில்லை. தமிழில் வந்தது. ஊர்ப் பொடியன் ஒருவன் படித்தான். அந்த வசனத்தைப் படிக்க அந்த ஊரில் ஆருக்கும் அகராதி தேவைப்பட்டிருக்காது.

அடிதடி ஒன்றும் நடக்கவில்லை. அவன் படித்தது எனக்குத் தெரியாமலே ஒரு வருடம் போயிருந்தது. அடுத்தமுறை போனபோது ஆச்சி வழமைபோல வாங்கைத் துடைத்து இருக்கச் சொன்னார். பிளேன்ரீ தந்தார், உள்ளங்கையில் சீனியும் வைத்தார். நான் கொப்பியைத் திறக்கவில்லை. நெல் விலையைப் பற்றிக் கதைத்தோம். யானை வேலியை உடைத்ததைப் பற்றிக் கதைத்தோம். பஸ்ஸுக்கு எழும்பியபோது படலைவரை கூட வந்தார்.

"அவன் இப்ப சப்பாத்துப் போட்டுக்கொண்டு திரியிறான் பிள்ளை," என்றார். "வயலுக்கும்."