டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாதது

தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதே அக்கா" என்றான்.

அவனுக்கு பைபோலார், மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் ஒரேயடியாக இறங்குவதுமான நோய். சில வருஷம் முன்பு மனநல வார்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அம்மா வாசலிலேயே திருஷ்டி சுற்றிப் போட்டாள், பெரியப்பா பழத்தோடு வந்து இனி ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார், நாங்களும் நம்பினோம், ஏனென்றால் அந்த மூன்று வாரமும் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்களும் ஒரு மாதம் கழித்து வரவேண்டிய தேதியும் இருந்தன. அவ்வளவுதான்.

மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வார்டில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். வீட்டில் போன வேலையும் கடனும் பக்கத்து வீட்டுப் பார்வையும்தான் காத்திருக்கும்.

பத்தாவது நாள் ராத்திரி அவனுடைய ஏடிஎம் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தான். உறுத்தியது. கேட்டால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம் வேறு (கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, அன்றைக்கு எனக்கு அது தெரியாது). நேராகவே கேட்டேன், "செத்துப்போகணும்னு தோணுதாடா?" ரொம்ப நேரம் கழித்து, "ஆமாக்கா."

அன்றிரவு அவனைத் தனியாக விடவில்லை. மாத்திரை டப்பா அம்மாவின் அலமாரிக்குப் போனது. காலையில் ஓ.பி.யில் முதல் ஆளாக நின்றோம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று உறவுக்காரர் ஒருவர் பயமுறுத்தினார், வீண் பயம், 2017 மனநலச் சட்டத்தின் 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது. டாக்டர் லித்தியம் ஆரம்பித்தார். அடிக்கடி ரத்தப் பரிசோதனை, தொல்லைதான், ஆனால் பைபோலார் உள்ளவர்களிடம் தற்கொலையைக் குறைப்பதில் நல்ல பேர் வாங்கிய மருந்து.

என்னை அசைத்தது வேறொன்று. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் நடத்தி 2008ல் வெளியான ஆய்வு. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஒரு பாதியினரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, அடுத்த 18 மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடையே தற்கொலைச் சாவு தெளிவாகக் குறைந்தது. விசாரிப்பதற்கு என்ன செலவு?

இந்த நிமிஷம் யாருக்காவது தாங்க முடியவில்லை என்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டு அரசின் சுகாதார உதவி எண் 104ம் உண்டு. சென்னையில் 1986லிருந்து சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது.

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு நான் தம்பிக்குப் போன் செய்வேன். முதலில் தூக்கம் எப்படி, மாத்திரை போட்டாயா, அந்த எண்ணம் வந்ததா. அப்புறம் கிரிக்கெட். போன வாரம் மறந்தே போனேன். ஒன்பதேகாலுக்கு அவனே கூப்பிட்டுத் திட்டினான்.