கூலன்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை

பழைய லாரியில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் எடுத்தவுடன் ஹோஸை மாற்றுவது வீண் செலவு. இன்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டரை நிரப்பி, பிரஷர் டெஸ்டரை (காற்றழுத்தம் ஏற்றிக் கசிவைக் காட்டும் கைப்பம்பு) மாட்டி அழுத்தம் ஏற்றுங்கள். ரேடியேட்டர் மூடியில் குறித்திருக்கும் அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. தாண்டினால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுவிடும். 15 நிமிடத்தில் டெஸ்டரின் முள் இறங்கினால், முதலில் வாட்டர் பம்ப்பின் அடித்துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமோ காய்ந்த கறையோ தெரிந்தால் சீல் போயிருக்கும். கிளாம்ப் கசிவு குளிர்ந்த இன்ஜினில் மட்டும் தெரிவதும் உண்டு.

வெளியே எங்கும் ஈரமே இல்லையா? அதுதான் வில்லங்கம். இரவு முழுக்க நின்ற வண்டியில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனம் என்பதால் உள்ளே இறங்கியிருந்தால் அதுவே முதலில் வரும். வெட் லைனர் (பிஸ்டன் ஓடும் குழாயைக் கூலன்ட் நேரடியாகத் தொடும்) இன்ஜினில் லைனரின் கீழ் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) மூன்றையும் சந்தேகிக்கலாம். கூலன்ட் கலந்த அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டினால் பேரிங் தேய்ந்துவிடும்.