ரீஃபண்ட் கிடையாது சார்

2021 ஏப்ரல் 9, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு போன். மறுநாள் செக் இன் பண்ண வேண்டியவர்தான் பேசினார். "மேடம், வீட்ல லேசா உடம்பு சரியில்ல, கேன்சல் பண்ணா அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?" நான் யோசிக்கவே இல்ல. "ரீஃபண்ட் கிடையாது சார், 48 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா டேட் மாத்திக் குடுத்திருப்போம்"னு சொல்லிட்டேன். ஊட்டியில ஒரு ஹோட்டல்ல 11 வருஷமா ஃப்ரண்ட் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், சீசன்ல ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ சொல்ற வார்த்தை, வாய் தானா சொல்லிடும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "சரி, பாக்கறோம்"னு வெச்சிட்டார். மறுநாள் 2 மணிக்கு குடும்பத்தோட வந்து நின்னாங்க.

கொரோனா காலத்துல அந்த ஏப்ரல் எப்படி இருந்துச்சுன்னு சொன்னாதான் இது புரியும். 2020 மார்ச் 25ல லாக்டவுன் ஆரம்பிச்சப்ப எங்களுக்கு சீசனே வாசல்ல நின்னுச்சு, ஏப்ரல் மே ரெண்டு மாச சம்பாத்தியத்துலதான் இந்த ஊரு வருஷம் பூரா சாப்பிடும், அது அப்படியே போச்சு, மலர் கண்காட்சி கேன்சல், எனக்கு பாதி சம்பளம், அப்புறம் மூணு மாசம் அதுவும் இல்ல. போட் ஹவுஸ் பக்கம் குதிரை வெச்சிருக்கறவங்க தீவனம் வாங்க வழியில்லாம குதிரைய ரோட்டுல மேய விட்டாங்க. ஊட்டி வர்க்கி பிஸ்கட் போடற பேக்கரில அடுப்பு பத்த வெக்கல. செப்டம்பர்ல தமிழ்நாட்டுக்குள்ள ஊர் விட்டு ஊர் போறதுக்கு வேண்டியிருந்த இ-பாஸ் அனுமதிய ரத்து பண்ணாங்க, நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்கு மட்டும் வெச்சிருந்தாங்க, அந்த பாஸோட முதல் கார் எங்க கேட்டுக்குள்ள வந்தப்ப எங்க குக் அண்ணன் வெளிய வந்து கும்பிட்டார். அதனால டூரிஸ்ட்னாலே வைரஸ், எல்லாத்தையும் இழுத்து மூடுன்னு பேசறவங்களோட என்னால சேர முடியாது. மூடினா என்ன ஆகும்னு எங்க வீட்டு அரிசி டப்பாவுக்குத் தெரியும்.

ஆனா பொய் சொல்லி வந்தவங்களும் இருந்தாங்க. 2020ல கல்யாணம், சாவு, அவசர சிகிச்சை இதுக்கு மட்டும்தான் இ-பாஸ்னு இருந்த காலத்துல பர்லியார் செக்போஸ்ட்ல டூட்டி பாத்த எங்க பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு விஷயம் சொன்னார், சாவுக்குப் போறோம்னு பாஸ் வெச்சிருந்த கார்ல பின்சீட்ல நாலு ஸ்வெட்டர், விலை டேக் கூட பிய்க்கல. திருப்பி அனுப்பிட்டாங்க. அப்படி எத்தனை கார திருப்ப முடியும், கக்கனல்லா, நாடுகாணி, குஞ்சப்பனை, பாட்டவயல்னு மலைக்கு ஏற எத்தனை வழி இருக்கு.

எங்ககிட்ட இருந்த ஒரே செக்கிங் தெர்மல் ஸ்கேனர்தான். அந்தக் குடும்பத்துக்கும் நெத்தில வெச்சுப் பாத்தோம், அந்த அம்மாவுக்கு 97ன்னு காட்டுச்சு, நல்லா சிரிச்சுப் பேசினாங்க. முதல் நாள் போன் ஞாபகம் எனக்கு வந்துச்சு, பொய் சொல்லல, நல்லாவே ஞாபகம் வந்துச்சு, "இப்ப பரவாயில்லையா சார்"னு மட்டும் கேட்டேன், "அது சும்மா, ஆபீஸ் லீவு பிரச்சனை"ன்னு சொன்னார், நானும் சாவிய எடுத்துக் குடுத்தேன். ஸ்கேனர் அந்த நேரத்து சூட்டதான் காட்டும். மாத்திரை போட்டு காய்ச்சல அடக்கிட்டு வந்தா அதுக்குத் தெரியாது, அறிகுறி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிக்கறவங்களயும் அதுக்குத் தெரியாது. இதெல்லாம் எனக்கும் தெரியும், டிரெயினிங்ல சொல்லியிருந்தாங்க.

ராத்திரி 11:40க்கு அந்த ரூம்ல இருந்து இன்டர்காம். ரெண்டு எக்ஸ்ட்ரா கம்பளி, ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். நைட் டூட்டிப் பையன் லாக் புக்குல எழுதி வெச்சிருந்தான், காலைல பாத்தேன். ஏப்ரல் மாசம் ஊட்டியில ரெண்டு கம்பளிக்கு மேல இன்னும் ரெண்டு யாரும் கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை ரூம் கிளீன் பண்ணப் போன ஹவுஸ்கீப்பிங் தம்பி டஸ்ட்பின்ல கெடந்த டோலோ காய்ச்சல் மாத்திரை அட்டைய குப்பைக் கவரோட கொண்டு வந்து என்கிட்ட காட்டினான், 15 குழியும் காலி. "அக்கா, அந்தம்மா படுத்தே இருக்காங்க, மாஸ்க் இல்ல, என்னைய உள்ள கூப்ட்டு பெட்ஷீட் மாத்தச் சொன்னாங்க, மாத்திட்டேன்." அவனுக்கு அப்ப 22 வயசு. வேணாம்னு சொல்லிட்டு வெளிய நிக்கற உரிமை அவனுக்கு இருந்துச்சுன்னு அவனுக்கு நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. திங்கக்கிழமை காலைல அவங்க செக் அவுட் பண்ணிட்டுப் போயிட்டாங்க.

புதன்கிழமை சித்திரை 1, தம்பிக்கு வீக்லி ஆஃப், கோத்தகிரி பக்கம் அவன் வீட்டுக்குப் போனான். தேயிலைத் தோட்டத்து லைன் வீடு, ரெண்டு ரூம்ல ஆறு பேரு, நாலு வீட்டுக்கு ஒரு பைப்பு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பம், அவனோட அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, அந்தக் காலத்துல கப்பல்ல வந்தவங்க. மறுநாள் ராத்திரி அவனுக்கு காய்ச்சல். தனி ரூம்ல இருங்கன்னு போன்ல சொன்னாங்களாம், எந்தத் தனி ரூம்? ஒரு வாரத்துல வீட்ல அஞ்சு பேருக்கு பாசிடிவ். அம்மாயிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சப்ப மே மாசம் ஆயிடுச்சு, கோயம்புத்தூர்ல பெட் கிடைக்காத நாளு அது, மே 21ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,000க்கு மேல கேஸ் வந்துச்சு ஞாபகம் இருக்கா, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. அவங்க இறந்துட்டாங்க. தோட்டத்துல இருந்து நாலு பேர் மட்டும் போய் அடக்கம் பண்ணாங்க, நான் போகல, போக முடியல.

அந்த ரூம்ல இருந்துதான் வந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. பஸ்ல வந்திருக்கலாம், டீக்கடைல வந்திருக்கலாம். ஏப்ரல் 20ல இருந்து நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு எல்லாத்துக்கும் டூரிஸ்ட் வரக் கூடாதுன்னு கவர்மென்ட் அறிவிச்சப்ப, பத்து நாள் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதான்னு ஆத்திரமா வந்துச்சு, அந்த ஆத்திரத்துல எனக்கு உரிமை இருக்கான்னும் தெரியல. ஏன்னா அந்த மனுஷன் வெள்ளிக்கிழமையே போன் பண்ணி கேட்டார். வராம இருக்க ஒரு வழி கேட்டவர்கிட்ட, வராட்டி அட்வான்ஸ் 9,000 ரூபா போயிடும்னு சொன்னது நான். அவர் செஞ்சது தப்புதான், பொண்டாட்டி காய்ச்சல மறைச்சு 22 வயசுப் பையன ரூமுக்குள்ள கூப்பிட்டது பெரிய தப்பு, அதுல சமாதானம் கிடையாது. ஆனா அந்தத் தப்ப செய்யச் சொல்லி காசு வெச்சு அழுத்தினது எங்க ரூல்.

அந்த ஜூலைல மணாலி, சிம்லா, கெம்ப்டி ஃபால்ஸ்னு மாஸ்க் இல்லாத கூட்டத்த டிவில காட்டிக்கிட்டே இருந்தாங்க, மலை ஊர்கள்ல இப்படிக் கூட்டம் சேர்றது கவலையா இருக்குன்னு பிரதமரே பேசினார். எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சண்டை, "ஒன்றரை வருஷம் வீட்ல அடைஞ்சு கெடந்தா மனுஷனுக்கு பைத்தியம் பிடிக்காதா, ரிஸ்க் எங்க ரிஸ்க்"னு சித்தப்பா ஒருத்தர். மனசு கெட்டுப் போறது நிஜம், அத நான் லேசா எடுத்துக்கல. ஆனா "எங்க ரிஸ்க்"ங்கற வார்த்தைய நான் ஒத்துக்க மாட்டேன். டூரிஸ்ட் ரெண்டு நாள்ல கீழ இறங்கிடறாங்க, அவங்க ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. பொட்டானிக்கல் கார்டனுக்கு மேல தோடர் மந்து இருக்கு, தோடர் பழங்குடி ஜனங்க குடியிருக்கற இடம், சர்வ சாதாரணமா உள்ள நடந்து போய் போட்டோ எடுப்பாங்க, மொத்த தோடர் ஜனமே ஏறக்குறைய 2,000 பேருதான். அவங்க எங்க இறங்கிப் போறது? பெட்ஷீட் மாத்தற தம்பி எங்க போறது?

ஆகஸ்ட்ல திரும்பத் திறந்தப்ப நான் ஓனர்கிட்ட போய் உக்காந்தேன். காய்ச்சல், சளின்னு யார் சொன்னாலும் கடைசி நிமிஷமானாலும் முழு காசும் திருப்பிக் குடுக்கணும், கெஸ்ட் உள்ள இருக்கறப்ப ஹவுஸ்கீப்பிங் ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு ரெண்டே விஷயம் கேட்டேன். ரெண்டாவதுக்கு உடனே சரின்னார். முதலாவதுக்கு "எல்லாரும் காய்ச்சல்னுதான் சொல்லுவான்மா"ன்னார். சொல்லட்டும் சார், காய்ச்சல் இல்லாதவன் காய்ச்சல்னு சொன்னா நமக்கு ஒரு ரூம் காசு போகும், காய்ச்சல் இருக்கறவன் இல்லன்னு சொன்னா என்ன போகும்னு நாம பாத்துட்டோம்ல. அவர் ரொம்ப நேரம் பேசல. ஒரு வருஷத்துக்கு மட்டும்னு ஒத்துக்கிட்டார்.

2022 ஜனவரி, ஒமிக்ரான் நேரம், பொங்கல் லீவுக்கு புக் பண்ணியிருந்த ஒரு அம்மா முதல் நாள் ராத்திரி போன் பண்ணாங்க. "குழந்தைக்கு உடம்பு சுடுது, டிக்கெட் எல்லாம் போட்டாச்சு, ஹோட்டல்ல ரீஃபண்ட் இருக்காதுன்னு தெரியும், சும்மா கேக்கறேன்."

"முழுசா திரும்ப வரும்மா, இப்பவே போடறேன், குழந்தைய பாருங்க."

"நிஜமாவா? முழுசாவா?"ன்னு மூணு தடவ கேட்டாங்க. ஜிபே நம்பர் வாங்கி எழுதிக்கிட்டேன். தம்பி பக்கத்துல டவல் எண்ணிக்கிட்டு இருந்தான், நாளைக்கு அந்த ரூம் ரெடி பண்ணணுமாக்கான்னு கேட்டான், வேணாம்டான்னேன்.